அணையும்போதே தொட்டால்

தூங்கப்போன கணினி எழுந்திருக்காமல் செத்துப்போனால், கடைசி நொடியில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திரை கறுப்பு. கீபோர்டில் எதைத் தட்டினாலும் பதில் இல்லை. நெட்வொர்க் இன்னும் எழவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவைக்கலாம் என்றால் அதுவும் தூக்கத்தில்தான் இருக்கிறது. மெமரியில் எழுதினால், பவர் பட்டனை அழுத்தி மறுபடி பூட் செய்யும்போது அழிந்துவிடும்.

2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து லினக்ஸ் கர்னலில் சேர்த்தார். மதர்போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது ஓட்டும் கடிகாரம் ஒன்றும் இருக்கும். மற்ற எல்லாம் அணைந்தாலும் அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சாதனத்தையும் எழுப்பும் முன், கர்னல் அந்தச் சாதனத்தின் பெயரை ஒரு எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணைத் தேதியாக மாற்றி, கடிகாரத்தில் திருப்பி வைத்துவிடும். வருடத்துக்கு 100 வாய்ப்பு, மாதத்துக்கு 12, நாளுக்கு 28 (எல்லா மாதத்திலும் நிச்சயமாக உள்ள நாட்கள் மட்டும்), மணிக்கு 24, நிமிடத்தை மூன்று மூன்றாகக் கட்டி 20. பெருக்கினால் 1,61,28,000. ஒரு சாவுக்குறிப்புக்கு அவ்வளவு இடம் தாராளம்.

நிமிடத்தை ஏன் மூன்று மூன்றாகக் கட்ட வேண்டும்? எழுதியபின்னும் கடிகாரம் ஓடுமே. மூன்று நிமிடத்துக்குள் நாம் மறுபடி பூட் செய்துவிட்டால் எழுதியது கெடாது. பூட் ஆனதும் கர்னல் தேதியைப் படித்து, 'இந்த எண் இந்தச் சாதனத்தோடு பொருந்துகிறது' என்று ஒரு வரி அச்சிடும். என் மேசையில் இருந்த ஓர் இயந்திரம் ஒருநாள் 2058ஆம் வருடம் என்று காட்டியது. அந்த வருடத்துக்குள் ஒரு சவுண்டு கார்டின் பெயர் இருந்தது.

இந்தக் கருவி ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாது. கடைசியாகப் பார்க்கப்பட்டவர் யார் என்று சொல்லும், குற்றவாளி யார் என்று சொல்லாது. சவுண்டு கார்டின் பெயர் வந்தால், அதற்கு முன் எழுந்த வேறொன்று மெமரியில் கண்ட இடத்தில் எழுதிவிட்டு நல்ல பிள்ளையாக நகர்ந்திருக்கலாம். போதாததற்கு, இதை இயக்கினால் சாதனங்கள் கும்பலாக எழுவது நின்று ஒன்றன்பின் ஒன்றாக எழும். கும்பலில் முட்டிக்கொண்டு வந்த கோளாறு என்றால், வரிசையில் நிற்கவைத்ததும் காணாமல் போய்விடும்.

என் வேலையே இதுதான். தொழிற்சாலைகளில் ஆபரேட்டர்களுக்கு முன்னால் வைக்கும் தொடுதிரைக் கணினிகளை விற்கும் ஒரு நிறுவனத்தில் கர்னல் வேலை பார்க்கிறேன். குறிப்பாக டிஸ்ப்ளே டிரைவர், அதிலும் குறிப்பாகத் தூங்கி எழுவது. வருடத்தில் பாதி நாள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஏதோ ஒரு சிப்காட் வாசலில் கேட் பாஸுக்காக நின்றுகொண்டிருப்பேன். ஒருமுறை ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் என்ன வேலை என்று கேட்டார். சுருக்கமாகச் சொல்லித் தொலைப்போமே என்று, "சஸ்பெண்ட் ஆனா திரும்ப வராத பிரச்சினையைப் பாக்குறேன்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "எந்த கம்பெனி சார்? எத்தன பேரு?" என்றார். தொழிற்சங்கத்து ஆள் என்று நினைத்துவிட்டார் போல. இந்தச் சாலையில் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம்தான். நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனதைப் பார்த்த சாலை இது. அந்த இடத்தை சால்காம்ப் வாங்கிய செய்தி 2019இல்தான் வந்தது. இங்கே ஒன்று நின்றால் எப்போது திரும்ப ஓடும் என்று கேட்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை.

திரை ஏன் இவ்வளவு தொல்லை என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கணினி பூட் ஆகும்போது திரைச் சில்லைத் தட்டி எழுப்புவது பயாஸ். தூக்கத்திலிருந்து எழும்போது பயாஸ் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாது, கர்னல்தான் செய்யவேண்டும். ஒருகாலத்தில் கர்னலுக்கு அது தெரியாது. கர்னலோடு வரும் ஆவணங்களில் பாவெல் மாசெக் எழுதிய ஒன்று இருக்கிறது. தூங்கி எழும்போது திரை வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். கூடவே மடிக்கணினி மாடல்களின் நீண்ட பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எந்தத் தந்திரம் வேலைசெய்தது என்ற குறிப்போடு. நாட்டு வைத்தியர் வீட்டுச் சுவடி மாதிரி இருக்கும். 2009இல் கர்னல் 2.6.29 வந்து, இன்டெல் சில்லுகளுக்குத் திரையின் பொறுப்பைக் கர்னலே எடுத்துக்கொண்ட பிறகு அந்தச் சுவடிக்கான தேவை குறைந்தது. ஆனாலும் அந்தப் பட்டியலை நான் அவ்வப்போது திறந்து பார்ப்பதுண்டு. முகம் தெரியாத யார் யாரோ தங்கள் வீட்டு மேசையில் கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்து, எது வேலைசெய்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தொழிற்சாலை. கார்களுக்கு வயரிங் ஹார்னஸ் கட்டுகிற இடம், ஒரகடம் பக்கம். பெயர் வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எங்கள் தொடுதிரை ஒன்று. எந்த வயர் எந்தக் கனெக்டருக்குள் போகவேண்டும் என்று படம் காட்டும், முடித்த எண்ணிக்கையைக் கணக்கு வைக்கும். மின்சாரச் சிக்கனம் என்று வாடிக்கையாளர் கேட்டதால், மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கப்போகும், தொட்டால் எழும். ஐந்து மாதமாக ஒரு புகார்: சில நேரம் தொட்டாலும் எழுவதில்லை. ஆபரேட்டர் பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணைத்துப் போடுகிறார். இரண்டு நிமிடம் போகிறது, லைன் நிற்கிறது. லைன் நின்றால் அதற்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு.

ரிஜிஸ்டரை எனக்குக் காட்டினார்கள். தேதி, ஷிஃப்ட், ஸ்டேஷன் எண், நின்ற நிமிடங்கள், பேட்ஜ் நம்பர், காரணம். காரணப் பத்தியில் பெரும்பாலும் ஒரே சொல்: 'மிஸ்ஹேண்ட்லிங்'. அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பதற்கு ஒரு பத்தி இல்லை. ஸ்டேஷன் 14 மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, அதிலும் ஒரே பேட்ஜ் நம்பர். "அந்தப் பொண்ணு கொஞ்சம் படபடப்பு சார். ரெண்டு மெமோ குடுத்தாச்சு. மூணாவது வந்தா ரினியூவல் கஷ்டம்" என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ். குரலில் கோபம் எதுவும் இல்லை. வானிலை சொல்வது மாதிரி சொன்னார்.

ஸ்டேஷன் 14இன் கணினியைக் கழற்றி அங்கேயே ஒரு சின்ன அறையில் வைத்துக்கொண்டேன். வழக்கமான சடங்குகள். கடிகாரத்தை வைத்து இருபது நொடி தூங்கவைத்து எழுப்பும் ஸ்க்ரிப்ட், இரவு முழுக்க. காலையில் எண்ணிப் பார்த்தால் எண்ணூற்றுச் சொச்சம் முறை, ஒன்றுகூடத் தவறவில்லை. கர்னலில் பாதிவரை மட்டும் தூங்கவைத்து எழுப்பிப் பார்க்கும் சோதனை முறை ஒன்று உண்டு: சாதனங்கள் வரைக்கும், பிறகு பிளாட்ஃபார்ம் வரைக்கும், பிறகு பிராசசர்கள் வரைக்கும். எல்லாம் பாஸ். லினஸின் கடிகார முறையையும் போட்டேன். எல்லாச் சாதனமும் எழுந்து முடிந்தது என்றே சொன்னது. புகார் கொடுத்தவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வரமுடியாதபடி எல்லாச் சான்றும் இருந்தது. இன்சார்ஜ் அந்த முடிவோடு ஏற்கெனவே சமாதானமாகிவிட்டிருந்தார்.

கணினியைத் திரும்ப மாட்டிவிட்டு அன்று இரவு ஷிஃப்டில் உட்கார்ந்தேன். இந்த வட்டாரத்து இரவு ஷிஃப்ட் தெரியாதவர்களுக்கு: கம்பெனி பஸ்கள் விடுதிகளிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு வரும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். அதற்கு முன்பும், இப்போதும், சுங்குவார்சத்திரம் சுற்றிய தெருக்களில் ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் என்று இருப்பவர்கள் ஏராளம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. விடிகாலை இரண்டரை மணிக்கு லைனில் யாரும் பேசமாட்டார்கள். ஏசி சத்தம், கனெக்டர் பொருந்தும் 'க்ளிக்', அவ்வளவுதான்.

ஸ்டேஷன் 14இல் இருந்த பெண்ணுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். செய்யாறு பக்கம். டிப்ளமோ முடித்து டிரெய்னியாக வந்தவர். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததும் கை கொஞ்சம் தடுமாறியது. மூன்றாவது மெமோவுக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்திருக்கலாம். நான் பார்க்க வந்தது கணினியை, உங்களை இல்லை என்று சொன்னேன். நம்பினமாதிரி தெரியவில்லை. ஒரு மணிநேரம் கழித்து அவராகவே, என்னைப் பார்க்காமல், வயரைப் பார்த்தபடி சொன்னார்:

"சார், அது அணையும்போதே தொட்டாதான் வராது. அணைஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சுத் தொட்டா வந்துடும்."

"இன்சார்ஜ்கிட்ட சொன்னீங்களா?"

"கேக்கல சார்."

இன்னொன்றும் சொன்னார். நன்றாகத் தூங்கும்போது வரும் கறுப்பு வேறு, இந்தக் கறுப்பு வேறாம். "இது வெளுத்த கறுப்பு சார்." ஸ்டேஷன் விளக்கைக் கையால் மறைத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை திரை அணைந்ததும் நானே உடனே தொட்டேன். வரவில்லை. கையால் மறைத்துப் பார்த்தேன். சாம்பல். பின்னால் இருக்கும் விளக்கு எரிகிறது, படம்தான் இல்லை. தூங்கும் திரைக்கு விளக்கு எரியாது.

பவர் பட்டனைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் மடிக்கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே போனேன். போகமுடிந்தது. கணினி உயிரோடு, முழு விழிப்போடு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கர்னல் பதிவில் ஒரு வரி, ஆங்கிலத்தில் அது சொன்னதன் சாரம்: சில சாதனங்கள் தூங்க மறுத்தன, அல்லது முன்கூட்டியே எழுப்பும் நிகழ்வு வந்தது. ஐந்து மாதமாக இந்த வரி யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், எல்லோரும் கறுப்பைப் பார்த்ததும் பவர் பட்டனை அழுத்தினார்கள். அப்படி அணைக்கும்போது கடைசி நொடிகளின் பதிவு டிஸ்க்குக்குப் போவதில்லை.

நடந்தது இதுதான். தூங்கப்போகும்போது கர்னல் முதலில் நிரல்களை உறையவைக்கும், பிறகு சாதனங்களை ஒவ்வொன்றாக அணைக்கும். திரை அணைந்தாகிவிட்டது, ஆனால் இன்னும் சில சாதனங்கள் பாக்கி. அந்த இடைவெளியில் விரல் திரையில் பட்டால், தொடுதலே எழுப்பும் நிகழ்வு என்பதால், கர்னல் தூங்குவதைக் கைவிட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுப்பும். திரைக்குப் போன மின்சாரம் நின்ற வேகத்தில் திரும்ப வரும்.

திரைப் பலகைக்குள் தனியாக ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால் அதன் மின்தேக்கிகளில் தேங்கியது முழுக்க வடிய நேரம் வேண்டும். பாதி வடிந்திருக்கும்போது மறுபடி மின்சாரம் கொடுத்தால் அது புதிதாகத் தொடங்காது, பழையதிலும் தொடராது. அதனால் அணைத்துப் போடுவதற்கு நடுவே குறைந்தது இவ்வளவு நேரம் விடவேண்டும் என்று ஒவ்வொரு திரையின் டேட்டா ஷீட்டிலும் எழுதியிருக்கும். கர்னல் அந்த நேரத்தை மதித்துக் காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்று அதற்குச் சொல்வது பயாஸில் இருக்கும் ஓர் அட்டவணை.

எங்கள் அட்டவணையில் 400 மில்லிநொடி என்று இருந்தது. பழைய திரைக்கு அது சரி. சில்லுப் பஞ்ச காலத்தில் அந்தத் திரை கிடைக்காமல், கொள்முதல் பிரிவு அதே அளவு, அதே கனெக்டர் உள்ள இன்னொரு தயாரிப்பாளரின் திரையை வாங்கியிருந்தது. அதன் டேட்டா ஷீட்டில் 1000. அட்டவணையை யாரும் மாற்றவில்லை. ஆசிலாஸ்கோப்பை மாட்டிப் பார்த்தபோது, மின்னழுத்தம் கீழே இறங்கி வந்து, தரையைத் தொடாமல், நடுவழியில் திரும்பி மேலேறியது தெளிவாகத் தெரிந்தது. டிரைவர் ஏன் பிழை சொல்லவில்லை என்றால், பிராசசருக்கும் திரைக்கும் நடுவே சமிக்ஞையை மாற்றித் தரும் ஒரு மொழிபெயர்ப்புச் சில்லு உட்கார்ந்திருந்தது. டிரைவர் அதனிடம் கேட்கும், அது 'எல்லாம் சரி' என்று சொல்லும். அதற்குப் பின்னால் இருக்கும் திரைக்குத் திருப்பிப் பேச வழியே இல்லை.

நான் போட்ட எண்ணூறு சோதனைகளும் ஏன் தேறின என்பது அப்போது விளங்கியது. ஸ்க்ரிப்ட் இருபது நொடி ஓய்வு கொடுத்தது. கர்னலின் சோதனை முறை இயல்பாக ஐந்து நொடி காத்திருந்துதான் எழுப்பும். கருவிகள் எல்லாமே ரொம்ப நாகரிகமானவை, தூங்குகிறவரை நன்றாகத் தூங்கவிட்டுத்தான் எழுப்புகின்றன. டீ இடைவேளைக்குப் போய்விட்டு வந்து தொடுகிறவருக்கும் இந்தக் கோளாறு வரவே வராது. திரையில் இருக்கும் படத்தை உற்றுப் பார்த்தபடி, இரண்டு கையும் வயரில் இருக்க, படம் மறைந்ததும் அரைநொடியில் கை நீட்டித் தொடுகிறவருக்குத்தான் வரும். ஒளி மறைந்ததை மனித மூளை உணரக் கால் நொடி, கை போய்ச்சேர இன்னொரு கால் நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 மில்லிநொடிக்கு மிகவும் முன்னால். அதாவது அந்த ரிஜிஸ்டரில் 'மிஸ்ஹேண்ட்லிங்' என்று பதிவானவர்கள் அந்த லைனிலேயே திரையை மிகக் கவனமாகப் பார்த்தவர்கள். ஸ்டேஷன் 14இன் படம்தான் இருப்பதிலேயே சிக்கலானது. தொடாமல் மூன்று நிமிடம் பார்க்கவேண்டியிருப்பது அங்கேதான்.

இது எங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. இன்டெல் டிரைவரின் மூலநிரலில் தோஷிபா சாட்டிலைட் மடிக்கணினி மாடல் ஒன்றுக்கு விதிவிலக்கு எழுதியிருக்கிறார்கள். அட்டவணையில் 500 மில்லிநொடி இருக்கிறது, அது போதவில்லை, எப்போதாவது திரை திரும்ப எரிவதில்லை, 800 ஆக்கினால் சரியாகிறது என்று ஒரு குறிப்பு. 'எப்போதாவது' என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை நாள் அலைச்சல் இருந்திருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். அங்கே யார் வீட்டு யாருடைய விரல் அவசரப்பட்டதோ.

நானும் அதேபோல் ஒரு விதிவிலக்கை எழுதி உடனடி நிவாரணமாகக் கொடுத்தேன். பயாஸ் அட்டவணையை மாற்றுவதற்கு ஆறு வாரம் ஆனது. மாற்றம் ஒரே ஓர் எண்.

அறிக்கை எழுதுவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மூலகாரணம் என்ற இடத்தில் திரையின் மின்வரிசை நேரம் என்று எழுதினேன். கோளாறை மறுபடி வரவழைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அந்தப் பேட்ஜ் நம்பரை எழுதினேன். எங்கள் வார்ப்புருவில் அப்படி ஓர் இடம் இல்லை, நானே சேர்த்தேன். கீழே, ரிஜிஸ்டரில் இந்தக் காரணத்தால் வந்த பதிவுகளைத் தேதிவாரியாகக் கொடுத்து, இவை ஆபரேட்டர் தவறு அல்ல, மெமோக்களைத் திரும்பப் பெறவேண்டும் என்று எழுதினேன். என் மேலாளர் அந்தக் கடைசிப் பத்தியை எடுக்கச் சொன்னார். வாடிக்கையாளரின் உள்விவகாரத்தில் நாம் ஏன் தலையிடவேண்டும் என்றார். நம்முடைய திரையால்தானே என்றேன். ஒருநாள் முழுக்க அந்த வரிக்காகப் பேசினோம். கடைசியில் அப்படியே போனது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: நடவடிக்கை மூடப்பட்ட காலாண்டைச் சேர்ந்தது, இனி பதிவு செய்யமாட்டோம், பழையதை மாற்ற வழியில்லை. கர்னலில் தப்பான பேட்ச் போய்ச் சேர்ந்துவிட்டால், அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று சொல்லி இன்னொரு பேட்ச் போடுவோம், இரண்டும் வரலாற்றில் நிற்கும். அதற்கென்று ஒரு கட்டளையே இருக்கிறது. ஹெச்ஆர் மென்பொருளில் அது இல்லை போலிருக்கிறது.

புதிய பயாஸைப் போட நான் மறுபடி போனபோது ஸ்டேஷன் 14இல் வேறு பெண். பழையவரின் டிரெய்னி காலம் முடிந்துவிட்டது என்றார்கள். முடிந்ததா, ரினியூ ஆகவில்லையா என்று கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே சார் என்றார் இன்சார்ஜ்.

பயாஸ் ஏற்றி, திரை அணைந்த கணத்தில் தொட்டேன். ஒரு நொடி கறுப்பு, நல்ல கறுப்பு, பிறகு படம் வந்தது. இருபது முறை தொட்டேன், இருபது முறையும் வந்தது. புதிய பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சார், உடனே தொடக்கூடாது. மூணு எண்ணிட்டுத் தொடணும். அக்கா சொல்லிக்குடுத்தாங்க" என்றார்.

இனி எண்ண வேண்டாம், சரிபண்ணியாச்சு என்றேன். சரி என்று தலையாட்டினார். அடுத்த முறை திரை அணைந்தபோது நான் டூல்பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். அவர் விரலைத் திரைக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார். உதடு அசைந்தது. மூன்று எண்ணி முடித்துவிட்டுத்தான் தொட்டார்.